பி செல் ஏன் பி செல்லாகவே இருக்கிறது?

கேள்வி இதுதான்: உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்கிறார்கள், அப்படியிருக்க எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே ஸ்டெம் செல்லிலிருந்து (ரத்த செல்களுக்கெல்லாம் தாயான செல்) சிவப்பணு, கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் செய்யும் பி செல், தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்று இத்தனை ரகம் எப்படி வருகிறது, எது வேண்டும் என்று முடிவு செய்வது எது, ஒரு தடவை ஆன பிறகு அது மாறுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாறும். முழுசாக முதிர்ந்த பி செல்லைக்கூட பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து டி செல்லாக மாற்ற முடியும் என்று எலியில் செய்தே காட்டிவிட்டார்கள். அதற்கு ஒரே ஒரு மரபணுவை நீக்கினால் போதுமாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்: செல் ஒரு முடிவை எடுத்துவிட்டு ஓய்ந்துபோவதில்லை, உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த முடிவைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் கிளை கிளையாக வரைந்திருக்கும் ரத்த செல் மரத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஒரு கிளைக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும் என்றுதான் தோன்றும்.

அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. எந்த செல்லிலும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் கிட்டத்தட்ட 2 மீட்டர் வரும், அது ஹிஸ்டோன் புரதங்கள் மேல் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு சுற்றுக்கட்டுக்கு 147 எழுத்து (டிஎன்ஏவின் ஒரு அலகுதான் எழுத்து). இறுக்கிச் சுற்றின இடத்தில் இருக்கும் மரபணுவைப் படிக்க முடியாது, தளர்ந்த இடத்தில் இருப்பதைப் படிக்கலாம். எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது, எதைப் படிப்பது என்பதைத் தீர்மானிப்பவை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் எனப்படும் புரதங்கள். மனிதனில் இவை சுமார் 1,600 இருக்கின்றன. இவை போய் உட்காரும் இடங்களில் முக்கியமானவற்றுக்கு என்ஹான்சர் என்று பெயர். என்ஹான்சர் அந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, லட்சக்கணக்கான எழுத்துக்கு அப்பால்கூட இருக்கலாம், டிஎன்ஏ மடங்கி அதைக் கிட்டே கொண்டுவரும். பேங்க் லாக்கரைத் திறக்க நம் சாவியும் வேண்டும், பேங்க்காரர் சாவியும் வேண்டும் இல்லையா, என்ஹான்சரும் பெரும்பாலும் அப்படித்தான்: இரண்டு மூன்று ஃபேக்டர்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். அதனால்தான் ஒரே ஃபேக்டர் சிவப்பணுவில் ஒரு வேலையும் ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லில் வேறு வேலையும் பார்க்க முடிகிறது.

"ஒரே டிஎன்ஏ" என்பதில் ஒரு திருத்தம் உண்டு, நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றிப் பேசும்போது இதை விடக்கூடாது. பி செல்லும் டி செல்லும் வளரும்போது தங்கள் டிஎன்ஏவையே ஓரிடத்தில் வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. ஆன்டிபாடிக்கான மரபணு துண்டு துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு பி செல்லும் அதில் சில துண்டுகளை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு இணைக்கிறது. இதை 1976ல் காட்டியவர் சுசுமு டோனெகாவா, 1987ல் நோபல் பரிசு வாங்கினார். வெட்டும் வேலையைச் செய்வது ஆர்ஏஜி1, ஆர்ஏஜி2 என்ற இரண்டு புரதங்கள். இந்த வெட்டை அழிக்க முடியாது. பி செல் என்ன ஆனாலும் அதன் டிஎன்ஏவில் அந்தத் தழும்பு நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது என்பதே 1961ல்தான் சோதனையால் உறுதியாக ஆரம்பித்தது. டொரண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறு எலியின் மஜ்ஜை செல்களை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் வாக்கில் மண்ணீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன. ஒவ்வொரு கட்டியும் ஒரே செல்லிலிருந்து வந்தது என்பதும், அதற்குள் பல வகை ரத்த செல்கள் இருக்கின்றன என்பதும் அடுத்த இரண்டு வருஷத்தில் தெளிவாயிற்று. ஆக, ஒரே செல்லுக்குப் பல வழி திறந்திருக்கிறது. சரி, ஒரு வழியில் போன பிறகு மற்ற வழிகள் எப்படி மூடுகின்றன?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி வருகிறது, வியன்னாவில் மைன்ராட் புஸ்லிங்கர் குழு செய்தது. பேக்ஸ்5 என்று ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். ரத்த செல்களில் இது பி செல் வம்சத்தில் மட்டும்தான் இருக்கும். இந்த மரபணு இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது பி செல் வளர்ச்சி ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுவிட்டது. அதுவரை ஆச்சரியம் இல்லை, பி செல்லுக்கு வேண்டியதை எடுத்துவிட்டால் பி செல் வராதுதானே. ஆனால் நின்றுபோன அந்த செல்களை எடுத்து, தாங்கு செல்களின் மேல் ஐஎல்-7 என்ற வளர்ச்சிப் புரதத்தோடு வளர்த்தார்கள், அவை மாதக்கணக்கில் பெருகிக்கொண்டே இருந்தன. பார்ப்பதற்கு பி செல் ஆகப்போகிற செல்கள்தான், ஆன்டிபாடி மரபணுவில் முதல் வெட்டு ஒட்டுகூட நடந்திருந்தது. 1999ல் வெளியான முடிவு இது: ஐஎல்-7ஐ நிறுத்திவிட்டு எம்-சிஎஸ்எஃப் என்ற வேறொரு வளர்ச்சிப் புரதத்தைக் கொடுத்தால் இவை மேக்ரோஃபேஜ் ஆகின்றன. வேறு கலவை கொடுத்தால் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகின்றன, கிரானுலோசைட், டென்ட்ரிட்டிக் செல், என்கே செல் என்று மற்ற நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் ஆகின்றன. எலிக்குள் ஏற்றினால் டி செல்கள் வளரும் உறுப்பான தைமஸுக்குப் போய் டி செல் ஆகின்றன. பேக்ஸ்5ஐத் திருப்பிக் கொடுத்தால் இந்தத் திறமை எல்லாம் போய் பி செல் வழிக்குத் திரும்பிவிடுகின்றன.

இதில் நடப்பது என்ன என்று கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். பேக்ஸ்5 இரண்டு வேலை செய்கிறது. சிடி19, சிடி79ஏ, பிஎல்என்கே மாதிரி பி செல்லுக்குத் தேவையான மரபணுக்களை ஓட வைக்கிறது, இது எல்லோரும் எதிர்பார்க்கிற வேலை. கூடவே பி செல்லுக்குத் தேவையில்லாத மரபணுக்களைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. அதில் ஒன்று எம்-சிஎஸ்எஃப் ஏற்பியின் மரபணு (ஏற்பி என்றால் வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கும் புரதம்), இன்னொன்று நாட்ச்1 என்ற வேறொரு ஏற்பியின் மரபணு. எம்-சிஎஸ்எஃப் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இல்லையென்றால் சுற்றிலும் எவ்வளவு எம்-சிஎஸ்எஃப் இருந்தாலும் அந்தச் செய்தி அந்த செல்லின் காதில் விழாது, ஆகவே மேக்ரோஃபேஜ் ஆகும் வாய்ப்பே கிடையாது. நாட்ச்1 இல்லையென்றால் டி செல் ஆகும் செய்தி விழாது. பேக்ஸ்5ஐ எடுத்தவுடன் இந்த ஏற்பிகள் மேற்பரப்பில் வந்துவிடுகின்றன, அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வளர்ச்சிப் புரதம் வருகிறதோ அந்தப் பக்கம் செல் போகிறது. செல்லின் விதியை நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் மரபணுவா, வெளியிலிருந்து வரும் சிக்னலா என்று நெடுநாளாக ஒரு விவாதம் உண்டு. இந்தச் சோதனையைப் பார்த்த பிறகு அந்த விவாதத்தைப் பாதியாகப் பிரித்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், எந்த சிக்னலைக் கேட்பது என்பதையே உள்ளே இருக்கும் ஃபேக்டர் தீர்மானிக்கிறது, எந்த ஃபேக்டர் ஓட வேண்டும் என்பதை முன்பு கேட்ட சிக்னல் தீர்மானித்திருக்கிறது.

சரி, இதெல்லாம் முதிராத செல்லில். முதிர்ந்த பி செல்லில்? 2007ல் அதே குழு, எலி நன்றாக வளர்ந்து பி செல்கள் முதிர்ந்த பிறகு அவற்றில் மட்டும் பேக்ஸ்5ஐ நீக்கியது. அந்த செல்கள் மஜ்ஜைக்குத் திரும்பி, படிப்படியாகப் பின்னோக்கிப் போய், எந்தப் பக்கமும் போகக்கூடிய முன்னோடி செல்களாகி, அங்கிருந்து டி செல் ஆயின. டி செல்லே இல்லாத எலியில் டி செல்களை நிரப்பின, அவை வேலையும் செய்தன. அவை வேறெங்கிருந்தோ வந்த டி செல்கள் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? மேலே சொன்ன தழும்புதான் சாட்சி. அந்த டி செல்களின் டிஎன்ஏவில் ஆன்டிபாடி மரபணு முழுசாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. சாதாரண டி செல்லில் அது அப்படி இருக்காது, அந்த வேலையை ஒரு பி செல்தான் முன்பு எப்போதோ செய்து முடித்திருக்க வேண்டும். அழகான சோதனை. இதன் இன்னொரு பக்கம் அழகானது இல்லை: பேக்ஸ்5 நீங்கிய அந்த எலிகளுக்குக் லிம்ஃபோமா என்ற கடுமையான நிணநீர்ப் புற்றுநோய் வந்தது.

மனிதருக்கும் இது பொருந்துகிறது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் பி செல் முன்னோடிகளில் வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. 2007ல் வந்த பெரிய மரபணு ஆய்வில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் லுக்கேமியா செல்களில் பேக்ஸ்5 பழுதாகியிருந்தது. பாதியில் நின்று, முதிரவும் முடியாமல், பெருகிக்கொண்டே இருக்கிற செல்தான் இந்த நோய். எலியில் பேக்ஸ்5ஐ அடக்கி லுக்கேமியாவை உண்டாக்கி, பிறகு பேக்ஸ்5ஐத் திரும்ப ஓடவிட்டபோது அந்தப் புற்று செல்கள் முதிர ஆரம்பித்து நோய் பின்வாங்கியது, 2014ல் வெளியான ஆய்வு. மனிதரில் இதை மருந்தாக்குவது கடினம், பழுதான ஒரு ஃபேக்டரை மாத்திரையால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனாலும் லுக்கேமியாவை வேகமாகப் பெருகும் நோய் என்று மட்டும் பார்க்காமல் முதிர்ச்சி தடைப்பட்ட நோய் என்றும் பார்க்க இது கற்றுக்கொடுத்தது.

பேக்ஸ்5ஐ விடுவிப்பது உடம்பே செய்யும் வேலையும்தான். பி செல் ஆன்டிபாடி கொட்டும் பிளாஸ்மா செல்லாக மாறும்போது பிளிம்ப்1 என்ற ஃபேக்டர் வந்து பேக்ஸ்5ஐ அணைக்கிறது. அப்போது ஏன் அது பின்னோக்கிப் போவதில்லை என்றால், ஒரு பிடியை விடும்போதே பிளிம்ப்1, ஐஆர்எஃப்4 என்று அடுத்த பிடி தயாராக இருக்கிறது.

டி செல் பக்கம் கதை கொஞ்சம் வேறு. அங்கே முதல் உத்தரவு வெளியிலிருந்து வருகிறது. மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வரும் செல், அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் இருக்கும் டெல்டா வகைப் புரதத்தைத் தொட்டவுடன் அதன் நாட்ச்1 ஏற்பி இயங்குகிறது. 1999ல் இரண்டு திசையிலும் இதை நிரூபித்தார்கள்: நாட்ச்1 இல்லாத எலியின் தைமஸில் டி செல்லுக்குப் பதில் பி செல் வளர்ந்தது, நாட்ச்1 எப்போதும் இயங்கும்படி செய்தால் மஜ்ஜையிலேயே டி செல் வளர்ந்தது. 2002ல் டெல்டா புரதத்தைத் தாங்கு செல்களில் வைத்து, தைமஸே இல்லாமல் தட்டில் டி செல் வளர்த்துவிட்டார்கள்.

ஆனால் நாட்ச் தொட்டவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தைமஸுக்குள் வந்த செல் பல தடவை பிரிந்து பெருகுகிறது, அவ்வளவு நாளும் மற்ற வழிகள் சில திறந்தே இருக்கின்றன. பிசிஎல்11பி என்ற ஃபேக்டர் ஓட ஆரம்பித்தால்தான் கதவு மூடும். அது இல்லாவிட்டால் டி செல் ஆக வேண்டியவை என்கே செல் மாதிரி ஆகிவிடுகின்றன என்று 2010ல் மூன்று ஆய்வுகள் சேர்ந்தாற்போல வந்தன. அது எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதை அமெரிக்காவின் கால்டெக்கில் எலன் ரோத்தன்பர்க், மைக்கேல் எலோவிட்ஸ் குழுக்கள் சேர்ந்து செய்த வேலையில் நேராகப் பார்த்தார்கள். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி இருக்கும். பிசிஎல்11பியின் ஒரு பிரதியோடு மஞ்சளாக ஒளிரும் புரதத்தையும் இன்னொன்றோடு சிவப்பாக ஒளிரும் புரதத்தையும் கோத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பின் கீழ் நாட்கணக்கில் கவனித்தார்கள். ஒரே செல், ஒரே நாட்ச் சிக்னல், உள்ளே ஒரே ஃபேக்டர்கள், ஆனால் சில செல்கள் மஞ்சள் மட்டும் ஒளிர்ந்தன, சில சிவப்பு மட்டும், இரண்டாவது நிறம் நாட்கள் கழித்துத்தான் வந்தது. ஃபேக்டர்கள் போதவில்லை என்றால் இரண்டு பிரதியும் சேர்ந்தே தூங்க வேண்டும். ஒன்று விழித்து ஒன்று தூங்குகிறது என்றால் தாமதம் அந்தப் பிரதியின் குரோமாட்டினிலேயே, அதாவது டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது என்றுதான் ஆகிறது. அது எப்போது அவிழும் என்பதில் தற்செயலுக்குப் பங்கு உண்டு. அந்தத் தாமதம் வீண் இல்லை என்பது என் கருத்து, அந்த நாட்களில்தான் செல் பெருகுகிறது, ஒரு செல் சீக்கிரம் உறுதிப்பட்டால் குறைவான வாரிசு, தாமதித்தால் அதிகம்.

பாடப்புத்தகங்களில் நிறைய பேர் படித்திருக்கும் இன்னொரு கதையையும் சொல்லிவிட வேண்டும். காட்டா1 என்ற ஃபேக்டர் சிவப்பணு பக்கம் இழுக்கும், பியூ.1 என்ற ஃபேக்டர் வெள்ளையணு பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடக்கும், எது கொஞ்சம் கூடுகிறதோ அது ஜெயிக்கும் என்ற கதை. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பது உண்மை. ஆனால் ஆரம்ப முடிவையே இந்த இழுபறிதான் எடுக்கிறது என்பது 2016ல் ஆட்டம் கண்டது. திமோ ஷ்ரோடர் குழு இரண்டு புரதத்துக்கும் ஒளிரும் அடையாளம் வைத்து ஸ்டெம் செல்லிலிருந்து தொடர்ந்து கவனித்தபோது, காட்டா1 தலைகாட்டுவதற்குள் செல் எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகியிருந்தது. அதாவது இந்த ஜோடி எடுத்த முடிவைப் பலப்படுத்துகிறது, முதலில் எடுப்பது இன்னும் முன்னால் எங்கோ நடக்கிறது. இன்றும் பல பாடங்களில் பழைய படமே ஓடுகிறது, பரீட்சைக்குப் படிப்பவர்கள் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே இருப்பதற்கும் இதே மாதிரி கட்டுப்பாடு வேண்டும், அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி வைக்கும் டிஎன்எம்டி3ஏ என்ற நொதி பழுதானால் ஸ்டெம் செல் முதிரும் பக்கம் போகாமல் தன்னையே பெருக்கிக்கொள்ளும் பக்கம் சாய்கிறது. வயதானவர்களின் ரத்தத்தில் இப்படிப் பழுதான ஒரே ஸ்டெம் செல்லின் வாரிசுகள் கணிசமாகப் பரவியிருப்பதை 2014ல் பெரிய ஆய்வுகள் காட்டின. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை, ஆனால் லுக்கேமியா அபாயமும் இதய நோய் அபாயமும் கூடுகிறது.

இந்த அறிவு சிகிச்சையாக வந்துவிட்டதா என்றால், ஒரு இடத்தில் மிகத் தெளிவாக வந்துவிட்டது. பிசிஎல்11ஏ, மேலே சொன்ன பிசிஎல்11பியின் உடன்பிறப்பு. குழந்தை கருவில் இருக்கும்போது ஒரு வகை ஹீமோகுளோபின் ஓடும், பிறந்து சில மாதத்தில் அது அணைந்து பெரியவர்களின் ஹீமோகுளோபின் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கரு ஹீமோகுளோபினை அணைப்பதில் முக்கியமானது பிசிஎல்11ஏ என்று 2008ல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழு காட்டியது. சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் நோயிலும் பீட்டா வகைத் தலசீமியா என்ற ரத்தசோகை நோயிலும் பழுது பெரியவர்களின் ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது, ஆகவே கரு ஹீமோகுளோபினைத் திரும்ப ஓடவிட்டால் நோயாளி தப்பிக்கலாம். நேராக பிசிஎல்11ஏவை உடைத்துவிடலாமே என்றால் கூடாது, பி செல் வளர்ச்சிக்கும் அது வேண்டும், ஸ்டெம் செல்லுக்கும் வேண்டும். 2013ல் வழி கிடைத்தது. அந்த மரபணுவுக்குள்ளேயே, புரதத்துக்கு எழுதப்படாத ஒரு பகுதியில், சிவப்பணு வம்சத்தில் மட்டும் வேலை செய்யும் என்ஹான்சர் இருக்கிறது. அதை நீக்கினால் சிவப்பணு முன்னோடியில் பிசிஎல்11ஏ விழுந்துவிடுகிறது, பி செல்லில் ஒன்றும் ஆகவில்லை. ஒரே மரபணு, ஆனால் ஒவ்வொரு வகை செல்லும் அதை இயக்கத் தனித்தனி இடத்தைப் பிடிக்கிறது.

காஸ்கெவி என்ற சிகிச்சை இதைத்தான் செய்கிறது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்த என்ஹான்சரில் காட்டா1 வந்து உட்காரும் இடத்தை டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கருவியைக் கொண்டு உடைத்து, திரும்ப ஏற்றுகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், போதுமான காலம் கவனிக்கப்பட்ட 31 சிக்கிள் செல் நோயாளிகளில் 29 பேருக்கு குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாகக் கடுமையான வலி நெருக்கடி வரவே இல்லை. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானது 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், இன்றும் அங்கே அந்த நோய் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் விலை 22 லட்சம் டாலர். விலை போக, திருத்திய செல்லுக்கு மஜ்ஜையில் இடம் பண்ண பழைய மஜ்ஜையை பூசல்ஃபான் என்ற கடுமையான மருந்தால் அழிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வாரக்கணக்கில் தொற்று வராமல் காக்கும் தனி வார்டு வேண்டும், பிள்ளை பெறும் திறன் போய்விடும் அபாயமும் உண்டு. செல்லை வெளியே எடுக்காமல் உடம்புக்குள்ளேயே ஸ்டெம் செல்லைத் திருத்துவது, அல்லது பிசிஎல்11ஏவைக் கட்டுப்படுத்த மாத்திரை கண்டுபிடிப்பது, இரண்டு பக்கமும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மலையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு எட்டக்கூடியது அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.